விலை ஏறுவது கார்டுக்கா, மேலே ஒட்டிய எண்ணுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் கார்டுகள் லட்சக்கணக்கான டாலருக்கு ஏலம் போவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த செய்தியைப் படித்தேன். அதில் இருந்த விலை சரி, ஆண்டும் சரி, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் முடிக்கும்போது, அமெரிக்காவில் பழைய வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் பரணைத் தேடிப் பார்க்கலாம், இதைவிட நல்ல முதலீடு கிடையாது என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், 1950களில் வந்த கார்டுகளைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். செய்தி வந்த அந்த வாரமே தெரிந்தவர்கள் சிலர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் காலேஜுக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தை இதில் போடலாமா என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கார்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். 1880களிலேயே சிகரெட் பாக்கெட்டுக்குள் ஆட்டக்காரர்களின் படம் போட்ட சின்ன அட்டை ஒன்றை வைத்து விற்றார்கள், அட்டை இருந்தால் பாக்கெட் கசங்காது, வாங்குகிறவனும் மறுபடி வருவான். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட டி206 என்ற வரிசை அப்படி வந்ததுதான். 1930களில் சிகரெட் போய் பபிள்கம் வந்தது. 1952இல் டாப்ஸ் என்ற கம் கம்பெனி 407 கார்டுகள் கொண்ட பெரிய வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது, ஐந்து சென்ட் கொடுத்தால் ஒரு பாக்கெட், உள்ளே கார்டுகளும் ஒரு துண்டு கம்மும். பையன்கள் கம்மை மென்றுவிட்டு கார்டுகளைக் கைமாற்றி விளையாடினார்கள், சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிச் சடசடவென்று சத்தம் வரவைத்தார்கள், பெரியவர்களானதும் பலருடைய அம்மாக்கள் அதையெல்லாம் குப்பையில் போட்டார்கள். இன்று ஏலத்துக்கு வருவது இந்த அட்டைகள்தான்.

நீங்கள் குறிப்பிட்டிருந்த, நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் கார்டு 1952 டாப்ஸ் வரிசையின் 311ஆம் எண். 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் அது 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அதை விற்றவர் 1991இல் 50 ஆயிரம் டாலருக்கு வாங்கியவர், அதாவது 31 வருடத்தில் 252 மடங்கு. (அப்போது எல்லா விளையாட்டு கார்டுகளிலும் அதுதான் உச்சம், 2025இல் ஒரு கூடைப்பந்து கார்டு 1 கோடியே 29 லட்சம் டாலரைத் தொட்டு அதை முந்திவிட்டது. பேஸ்பாலில் இன்னும் மேன்டில்தான்.) 252 மடங்கு என்று கேட்டதும் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் அந்தக் கார்டு அரிது என்பதால் இந்த விலை என்று நினைத்தால், அங்கேதான் தவறு. 1952 வரிசையின் கடைசிப் பகுதி சீசன் முடியும் தறுவாயில் கடைக்கு வந்ததால் சரியாக விற்கவில்லை, மிஞ்சிய பெட்டிகள் கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்தன. அந்த வரிசையை வடிவமைத்த சை பெர்கர் 1960இல் அவற்றை ஒரு குப்பைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார், இதை அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே அந்தப் பகுதிக் கார்டுகள் குறைவுதான், சந்தேகமில்லை. ஆனால் அதே பகுதியில் மேன்டிலின் கார்டும், ஜாக்கி ராபின்சன் கார்டும், பாபி தாம்சன் கார்டும் ஒவ்வொரு அச்சுத் தாளிலும் இரண்டு தடவை அடிக்கப்பட்டவை. அதே பகுதியில் இருக்கும், யாருக்கும் பெயர் தெரியாத ஆட்டக்காரரின் கார்டைவிட மேன்டில் இரண்டு மடங்கு அதிகம் அச்சானது. தரம் பார்க்கும் நிறுவனங்களுக்கு வந்து போன மேன்டில் 311 மட்டுமே ஆயிரத்துக்கும் மேல். இது அவருடைய முதல் கார்டுகூட இல்லை, அது அதற்கு முந்தைய வருடம் பௌமன் கம்பெனி போட்டது.

அப்படியானால் 1 கோடியே 26 லட்சம் எதற்கு? கார்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறையின் மேல் 9.5 என்று போட்டிருந்ததே, அதற்கு. இதைச் சொல்லாமல் விலையை மட்டும் எழுதினால் வாசகர் ஏமாந்துபோவார்.

கிரேடிங் என்று ஒரு தொழில் இருக்கிறது. கார்டை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், நாலு மூலையும் கூராக இருக்கிறதா, ஓரம் சிதைந்திருக்கிறதா, மேற்பரப்பில் மடிப்போ கீறலோ உண்டா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்து, உடைக்காமல் பிரிக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். பிஎஸ்ஏ என்ற நிறுவனம் 1991இல் தொடங்கியது, எஸ்ஜிசி இன்னொன்று, அதையும் 2024இல் பிஎஸ்ஏவின் தாய் நிறுவனமே வாங்கிவிட்டது. ஆரம்பத்தில் இது நல்ல காரியமாகத்தான் வந்தது. அதற்கு முன் டீலர் சொன்னதுதான் தரம், வாங்கும்போது மோசம் என்பார், விற்கும்போது அதையே புத்தம் புதிது என்பார். தூரத்தில் இருப்பவரிடம் பார்க்காமல் வாங்குவதற்கு மூன்றாவது ஆள் ஒருவரின் சொல் தேவைப்பட்டது. அந்த உதவியை நானும் பயன்படுத்தியிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போகப்போக அந்த எண்ணே சரக்காகிவிட்டது. 8க்கும் 9க்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் கண்டுபிடிக்க முடியாது, விலையில் மட்டும் அது லட்சக்கணக்கான டாலர். ஒரே கார்டை உறையிலிருந்து உடைத்து எடுத்து மறுபடி அனுப்பி, இந்தத் தடவை அரை எண் கூடக் கிடைக்குமா என்று பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கிடைக்கவும் செய்கிறது. கார்டு அதேதான்.

இதற்கு ஆண்டி பாஃப்கோவைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1952 டாப்ஸ் வரிசையில் 1ஆம் எண் அவருடையது. நல்ல ஆட்டக்காரர், ஆனால் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றவர் அல்ல. பையன்கள் கார்டுகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள், அடுக்கின் மேலே இருக்கும் 1ஆம் எண்தான் எல்லா அடியையும் வாங்கும், ரப்பர் பட்ட இடம் பள்ளமாகும், மூலைகள் தேயும். அதனால் நல்ல நிலையில் பாஃப்கோ கிடைப்பது கஷ்டம். 1998இல் 10 எண் வாங்கிய ஒரு பாஃப்கோ 83,870 டாலருக்கு ஏலம் போனது. அந்தக் காலத்தில் அது பெரிய அதிர்ச்சி. ஒரு பையன் ஆசையாக அடுக்கி வைத்து அடிக்கடி எடுத்துப் பார்த்திருந்தால் அந்தக் கார்டு தேய்ந்திருக்கும், யாரும் தொடாமல் விட்டதால்தான் அந்த விலை. எனக்கு இந்த விஷயம் இன்றுவரை உறுத்துகிறது.

அப்புறம் ஹோனஸ் வாக்னர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஆட்டக்காரர், 1936இல் புகழ் மண்டபத்துக்குத் தேர்வான முதல் ஐந்து பேரில் ஒருவர். டி206 வரிசையில் அவர் கார்டு சீக்கிரமே நிறுத்தப்பட்டது, குழந்தைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்கக் கூடாது என்று அவர் தடுத்தார் என்பார்கள், தனக்குப் பணம் தரவில்லை என்பதால் தடுத்தார் என்றும் சொல்வார்கள். எப்படியோ, இன்று தெரிந்து இருப்பவை ஐம்பது, அறுபதுதான். இது நிஜமாகவே அரிய கார்டு. 2021இல் ஒன்று 66 லட்சம் டாலருக்கும், 2022இல் இன்னொன்று 72 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் போயின. ஆனால் இவற்றிலேயே மிகப் பிரபலமான பிரதிக்கு வேறு ஒரு கதை உண்டு. 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளரும் சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஒன்றை ஏலத்தில் எடுத்தார்கள். பிஎஸ்ஏ கிரேடு செய்த முதல் கார்டு அதுதான், கிடைத்த எண் 8. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. முன்பு அந்தக் கார்டை வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற பெரிய ஏலக்காரர், தன் ஏலங்களில் போலியாக விலை கேட்டு ஏற்றிய வழக்கில் 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், சிறைக்கும் போனார். அப்போது, அந்த வாக்னர் கார்டின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டுக்கு எண் கொடுப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் முதல் விதி, ஓரத்தை வெட்டினால் தேய்ந்த மூலை புதிதாகத் தெரியும் என்பதால். அந்த விதியை நம்பித்தான் ஊரே பணம் கொடுக்கிறது, தொடங்கிய முதல் கார்டிலேயே அது தவறியிருக்கிறது. 28 லட்சம் டாலர் கார்டிலேயே இது நடந்தால், 280 டாலர் கார்டை யார் எவ்வளவு நேரம் பார்த்திருப்பார்கள் என்று வாங்குகிறவர் யோசிக்க வேண்டாமா?

இப்போது 2020க்கு வருவோம், ஏனென்றால் விலை தலைதெறிக்க ஓடியது அந்த வருடத்திலிருந்துதான். கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள், ஆட்டங்கள் நின்றுவிட்டன, அரசாங்கம் நேரடியாகப் பணம் அனுப்பியது, கையில் நேரமும் போனும் இருந்தது. 1980களில் கார்டு சேர்த்த பையன்கள் இப்போது நாற்பது, ஐம்பது வயதில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள், பெட்டியைத் திறந்தார்கள். அதற்கு மேல் பங்குச் சந்தையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது, ஒரு கார்டை ஆயிரம் பங்காகப் பிரித்து ஆப்பில் விற்கும் நிறுவனங்கள் வந்தன, கார்டைக் கண்ணால் பார்க்காமலே பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துக் கைமாற்றும் ஏற்பாடு வந்தது. 2021 ஜனவரியில் 9 எண் வாங்கிய ஒரு மேன்டில் 52 லட்சம் டாலருக்குப் போனது, 2018இல் இன்னொரு 9 எண் மேன்டிலின் விலை 28 லட்சத்து 80 ஆயிரம்தான். 2021 மார்ச்சில் வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. மே மாதம் விஸ்கான்சினில் ஒரு டார்கெட் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் கார்டுக்காக அடிதடியாகி ஒருவர் துப்பாக்கியை எடுத்தார், அந்தக் கடைகள் கொஞ்ச காலம் கார்டு விற்பனையையே நிறுத்தின. ஐந்து சென்ட் கம்மோடு குழந்தைகளுக்காக வந்த அட்டைக்கு இந்த நிலைமை.

ஏறியது எல்லாம் அப்படியே நின்றதா என்றால் அதுவும் இல்லை. 2021 ஜனவரி கடைசியில் மைக்கேல் ஜோர்டனின் 1986 கூடைப்பந்து கார்டு, 10 எண் வாங்கியது, 7 லட்சத்து 38 ஆயிரம் டாலருக்கு விற்றது. அதே கார்டு, அதே எண், அந்த வருடம் முடியும் முன்பே பாதிக்கும் கீழே வந்துவிட்டது. உச்சத்தில் வாங்கியவரைப் பற்றி எந்தச் செய்தியும் நான் பார்க்கவில்லை. விலை ஏறினால் முதல் பக்கம், இறங்கினால் எங்கும் இல்லை. பத்திரிகைகள் மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான்.

பரணில் தேடச் சொன்னீர்களே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பரணில் பொக்கிஷம் கிடைத்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், 2012இல் ஓஹாயோவில் ஒரு தாத்தா வீட்டுப் பரணில் 1910ஐ ஒட்டி வந்த கார்டுகள் எழுநூறு போல, அப்படியே புதிதாக, ஒரு அட்டைப் பெட்டியில் கிடைத்தன. ஆனால் நம்மவர்கள் வாங்கும் வீடுகளில், முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போன பெட்டியில் கார்டு இருந்தால் அது பெரும்பாலும் 1987 முதல் 1993 வரை வந்ததாகத்தான் இருக்கும். அப்போதும் இதே மாதிரி செய்திகள் வந்தன, கார்டு என்றால் முதலீடு என்று எல்லோரும் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் வைத்தார்கள், கம்பெனிகளும் இரவு பகலாக அடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரமாக வைத்ததால் எதுவுமே அரிதாகவில்லை. 1994இல் ஆட்டக்காரர்களின் வேலை நிறுத்தத்தால், வருடக் கடைசி இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸே நடக்காமல் போனது, ஆர்வமும் விழுந்தது. பிள்ளையின் காலேஜுக்கு என்று அன்று வாங்கி வைத்த பெட்டிகள் இன்றும் பிரிக்காமல் கிடக்கின்றன, பலவற்றுக்கு விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் அன்றைய விலைகூடக் கிடைக்காது. ஆகவே தயவுசெய்து காலேஜ் பணத்தைத் தொடாதீர்கள். லாபம் வந்தால்கூட, ஏலத்தில் வாங்கும்போது கேட்ட விலைக்கு மேல் இருபது சதவீதம் அளவுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, விற்கும்போது கமிஷன் உண்டு, பல வருடம் வைத்திருந்து விற்றாலும் அமெரிக்க வருமான வரியில் சேகரிப்புப் பொருள்களுக்கு 28 சதவீதம் வரை போகும், பங்குகளுக்கு அது அதிகபட்சம் 20தான். 252 மடங்கு என்று எழுதும்போது இவையும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சரி, பணம் இருப்பவர்கள் தங்களுக்குள் ஏற்றிக்கொள்கிறார்கள், உனக்கென்ன என்று கேட்கலாம். எனக்கு இருக்கிறது. மேலே ஒரு கார்டு கோடியில் போனால் கீழே இருப்பதும் நகர்கிறது. நாங்கள் செட் சேர்ப்பவர்கள், ஒரு வருடத்தின் முழு வரிசையையும் ஒவ்வொன்றாக முடிப்பவர்கள், தேய்ந்த மூலை, மடிப்பு, கறை எதையும் பொருட்படுத்தாதவர்கள். 1956 டாப்ஸ் வரிசையில் 340 கார்டுகள், எல்லாம் படுக்கை வாட்டில், முகம் பெரிதாக ஒரு பக்கம், ஆட்டத்தில் இருக்கும் காட்சி இன்னொரு பக்கம், பின்னால் மூன்று கேலிச்சித்திரங்கள். ஹாங்க் ஏரனின் கார்டில் சறுக்கி வரும் ஆள் ஏரனே இல்லை, அது வில்லி மேஸ், ஓவியர் வேறு படத்தைப் பார்த்து வரைந்துவிட்டார். இப்படி ஒவ்வொன்றிலும் பார்த்துக்கொண்டே இருக்க ஏதாவது இருக்கும். முன்பு கார்டு ஷோவுக்குப் போனால் மேசை மேல் அட்டைப் பெட்டிகளில் இவை வெறுமனே அடுக்கிக் கிடக்கும், விரலால் தள்ளித் தள்ளி எடுத்துப் பார்க்கலாம், பக்கத்தில் நிற்கும் பெரியவர் அந்த ஆட்டக்காரரை நேரில் பார்த்த கதையைச் சொல்வார். இப்போது அந்த மேசைகளில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி. ஒரு கார்டைக் கேட்டால் டீலர் கார்டைப் பார்ப்பதற்கு முன் போனைப் பார்க்கிறார். மிக மோசமான நிலையில் இருக்கும் 1952 மேன்டிலுக்கே பத்தாயிரம் டாலருக்கு மேல் வேண்டும் என்றாகிவிட்டதால் அந்த செட்டை முடிக்கும் ஆசையைப் பலர் விட்டுவிட்டார்கள். கையில் நாலு டாலரோடு அப்பாவுடன் வரும் பையனுக்கு அந்த மேசைகளில் எடுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

என்னிடம் 1957 டாப்ஸில் ஒரு கார்டு இருக்கிறது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காரர், பெரிய பெயர் இல்லாதவர். முன்பக்கத்தில் புரூக்ளின் என்ற எழுத்தின் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு, கோணலாக, பக்கத்தில் எல்.ஏ. என்று குழந்தைக் கையெழுத்து, புள்ளி இரண்டும் அழுத்தி வைத்ததில் காகிதம் கொஞ்சம் குழிந்திருக்கிறது. 1957 சீசனோடு டாட்ஜர்ஸ் புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போனது, ஜயன்ட்ஸும் நியூயார்க்கை விட்டு சான் பிரான்சிஸ்கோ போனது, அது அந்த ஊர்க்காரர்கள் பலருக்கு இன்றுவரை ஆறாத விஷயம். ஏதோ ஒரு பையன் அந்தச் செய்தியைக் கேட்டு, தன் கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறான். இதை கிரேடிங்குக்கு அனுப்பினால் எழுத்து இருக்கிறது என்று தனியாகக் குறிப்பார்கள், இல்லையென்றால் எண்ணைக் குறைப்பார்கள், விலையும் அதோடு விழும். என் பார்வையில் என்னிடம் இருப்பதிலேயே மதிப்பானது அதுதான், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சாட்சி அதில் இருக்கிறது. விலைப் பட்டியல் இதைக் குறை என்று எழுதினால் விலைப் பட்டியல்தான் திருந்த வேண்டும்.

ஜெஃபர்சன் பர்டிக் பற்றியும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நியூயார்க் மாநிலம் சிரக்யூஸில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, மூட்டுவாதத்தால் அவதிப்பட்டவர், கல்யாணம் ஆகாதவர். டி206 என்கிறோமே, அந்தப் பெயரே அவர் தயாரித்த அட்டவணையிலிருந்து வந்ததுதான். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப் படங்களையும் சேர்த்து, அதில் முப்பதாயிரத்துக்கும் மேல் பேஸ்பால் கார்டுகள், எல்லாவற்றையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை, 1947இலிருந்து விரல்கள் மடங்காத நிலையிலும் தானே போய் உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி வகைப்படுத்தினார். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார், மார்ச்சில் இறந்தார். வாக்னரும் அதில் உண்டு. பசை போட்டு ஒட்டியதால் இன்றைய கிரேடிங் கணக்கில் அவையெல்லாம் மிகக் கீழே போகும். ஆனால் பேஸ்பால் புகழ் மண்டபத்தை விட்டால், இத்தனை பழைய கார்டுகள் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும் பெரிய தொகுப்பு அங்கேதான்.

விலை ஏறியதால் நல்லதே நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது, நியாயமாகச் சொல்ல வேண்டும். குப்பைக்குப் போயிருக்க வேண்டிய பல கார்டுகள் தப்பியிருக்கின்றன. ஓரம் வெட்டியவர்கள், நிறம் பூசியவர்கள் பற்றி ஆர்வலர்கள் பழைய ஏலப் படங்களோடு ஒப்பிட்டுத் துப்பறிந்து வெளியே கொண்டுவருகிறார்கள். 1914இல் பால்டிமோரில் அச்சான, பேஸ்பாலின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான பேப் ரூத்தின் முதல் கார்டு 2023 கடைசியில் 72 லட்சம் டாலருக்குப் போனபோது, அப்போது அவர் இன்னும் சிறு அணியில் ஆடிய பத்தொன்பது வயதுப் பையன் என்பதைப் பலர் முதல் முறையாகத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் விலையை ஆட்டத்தின் அளவுகோலாக எடுத்துவிடக் கூடாது. மேன்டில் அடித்த ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) 536, வில்லி மேஸ் 660, ஹாங்க் ஏரன் 755. கார்டு விலை நேர் தலைகீழாக இருக்கிறது, மேன்டில் எங்கோ மேலே, கறுப்பின ஆட்டக்காரர்களான மற்ற இருவரும் வெகு கீழே. 1950களில் எந்த வீட்டுப் பையனுக்கு யார் நாயகனாக இருக்க முடிந்தது என்பதும், அந்தப் பையன்களில் யார் கையில் பின்னாளில் பணம் சேர்ந்தது என்பதும் இந்த விலையில் இருக்கிறது என்பது என் எண்ணம். கோடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதலாம்.

சேர்க்கத்தான் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய நினைப்பவர்களுக்கு: பெரிய பெயர்களை விட்டுவிடுங்கள். 1950களின் பிற்பகுதி, 1960களின் சாதாரண ஆட்டக்காரர்களின் தேய்ந்த கார்டுகள் இன்னும் சில டாலருக்குக் கிடைக்கின்றன. உறையில் இல்லாததையே வாங்குங்கள், கையில் எடுத்துப் பாருங்கள், ஒரு சின்ன லென்ஸும் அளவுகோலும் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் பார்த்தால் பழைய அச்சில் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரியும், பெயரும் சட்டக்கோடும் புள்ளி இல்லாமல் கெட்டியாக இருக்கும், படத்தோடு எழுத்தும் சேர்த்துப் புள்ளியாகச் சிதறியிருந்தால் யாரோ மறுபடி நகலெடுத்தது என்று சந்தேகப்படலாம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டு என்று சொன்னால் இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள், பளீரென்று வெள்ளையாக ஒளிர்ந்தால் அந்தக் காகிதம் பிற்காலத்தது. 1957இலிருந்து டாப்ஸ் கார்டின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், அதில் கொஞ்சம் குறைந்திருந்தால் ஓரம் வெட்டியிருக்கலாம். இதையெல்லாம் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள், சீசனுக்கு வெளியே இந்த ஆட்டக்காரர் பண்ணையில் வேலை பார்த்தார், கடையில் விற்பனையாளராக இருந்தார் என்றெல்லாம் போட்டிருக்கும், அன்றைய சம்பளத்தில் அவர்கள் அப்படித்தான் வாழ வேண்டியிருந்தது.

ஆசிரியர் அவர்களுக்கு என் கோரிக்கை இவ்வளவுதான். அடுத்த முறை ஒரு கார்டு இத்தனை கோடிக்குப் போனது என்று செய்தி போடும்போது, எந்த நிறுவனம் என்ன எண் கொடுத்தது, ஏலக் கட்டணம் அந்த விலைக்குள் சேர்ந்ததா, அதே கார்டு சாதாரண நிலையில் என்ன விலை என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஏலம் முடிந்ததும் பணம் நிஜமாகவே கட்டப்பட்டதா என்பதை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை, அதையும் கேட்டுப் பாருங்கள். விலை இறங்கும்போதும் ஒரு செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
நியூ ஜெர்சி